பதியாத விரல்

கதவருகே இருந்த, விரல்ரேகை பார்க்கும் வருகைப் பெட்டி மறுபடியும் சிவப்பு விளக்கைக் காட்டியது. சிமெண்ட்டு தன் விரலை ஊதி, சட்டையில் துடைத்து, திரும்ப வைத்தாள். "மீண்டும் முயலவும்" என்றது பெட்டி, கிளிப்பிள்ளை மாதிரி.

"என்னம்மா, பெட்டியோட குடித்தனமே நடத்தப் போறியா?" என்று வரிசையில் யாரோ கத்த, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. சிரித்து வைத்தாள்.

சிமெண்ட்டு என்பது விடுதித் தோழிகள் வைத்த பெயர். கட்டிடப் பொறியியலில் மேற்படிப்பு படிக்கிறாள். கான்கிரீட் கலப்பதும், அச்சில் வார்ப்பதும், தண்ணீர்த் தொட்டியில் ஊறி இறுகிய கட்டியை நசுக்கிப் பார்ப்பதும்தான் பகல் முழுக்க வேலை. சோதனைக்கூடத்துக் கையுறை என்றைக்கோ கிழிந்துவிட்டது. புதிது கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஈரச் சிமெண்ட் விரல் நுனிகளை அரித்து வழவழவென்று ஆக்கியிருந்தது.

அலுவலகத்தில் குமாஸ்தா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். மாதம் முழுக்கச் சிவப்பு.

"ஒரு நாள்கூட வரலையேம்மா நீ. உதவித்தொகை எப்படிப் போடறது?"

"தினமும் வந்தேன் சார். பெட்டிதான் என் விரலை எடுக்க மாட்டேங்குது."

அவர் அவள் கையை எட்டிப் பார்த்தார். "இது படிக்கிற பொண்ணு கையா? வெளியில கொத்து வேலைக்குப் போறியா? உதவித்தொகை வாங்கறவங்க வெளிவேலை பாத்தா சீட்டே போயிடும், தெரியுமில்ல?"

உதவித்தொகை வந்தால்தான் இந்தப் பருவத்துக் கட்டணம். கட்டணத்துக்கு இன்று மாலையோடு கெடு. கட்டாதவர்களுக்கு நாளை முதல் வகுப்பும் இல்லை, விடுதியும் இல்லை.

"எல்லாம் இங்க நம்ம லேப்ல தேஞ்சதுதான் சார்."

"அதையே உங்க புரொபசர் எழுதிக் குடுக்கட்டும். அஞ்சு மணிக்குள்ள கொண்டா. வருகையை நானே ஏத்தி விடறேன்." மனிதர் நல்லவர்தான்.

ஓட்டமும் நடையுமாகப் போகும்போது கைபேசியில் அம்மா கூப்பிட்டாள்.

"பீஸ் கட்டிட்டியாடி?"

"கட்டிடுவேம்மா."

"ஏன் இப்படி இரைக்குது?"

"மாடி ஏறிட்டிருக்கேன், வை."

பேராசிரியர் சோதனைக்கூடத்தில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். பாலம் கட்டும் கம்பெனிக்காரர்கள் வரும் நாள். அவர்களுடைய கலவையைத்தான் அவள் மாதக்கணக்காக வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"எழுதிடலாம்மா. ஆனா சிமெண்ட்டுலதான் ரேகை போச்சுன்னு எழுதினா, கையுறை ஏன் குடுக்கலேன்னு என்னையில்ல கேப்பாங்க?"

"அப்போ வேற எப்படியாவது எழுதுங்க சார். தினம் வரேன்னு மட்டும் எழுதுங்க, போதும்."

"மிஷின் நீ வரலேங்குது, நீ வந்தேன்னு நான் எழுதினா நல்லாவா இருக்கும்? அடுத்த பருவத்துல பாத்துக்கலாம். முதல்ல கட்டியெல்லாம் தண்ணியிலிருந்து எடு, வந்துட்டாங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே அவள் தொட்டிக்குள் கையை விட்டாள். நாசமாய்ப் போக, என்று மனசுக்குள் யாரையோ திட்டினாள். யாரை என்று அவளுக்கே தெளிவாகவில்லை. கட்டியைத் துடைத்து நசுக்கும் இயந்திரத்தில் வைத்தாள். அழுத்தம் காட்டும் முள் ஏறியது, ஏறியது, எதிர்பார்த்த அளவைத் தாண்டியும் கட்டி விரிசல் விடவில்லை. கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள்.

"வார்த்தது யாரு சார்?" என்றார் அவர்களில் மூத்தவர்.

"இந்தப் பொண்ணுதான்." பேராசிரியருக்கு முகமெல்லாம் பல். "ஒரு நாள் லீவு போட்டதில்லீங்க. ஞாயித்துக்கிழமைகூட வந்துடுவா."

சிமெண்ட்டு நிமிர்ந்து அவரையே பார்த்தாள். அவர் அதற்குள் கட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றுவிட்டார். கம்பெனிக்காரர் கைபேசியை உயர்த்தினார்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா, உன் நிழல் விழுது."

அவள் தள்ளி நின்றாள்.