நிவேஸ் சுடாத பத்துக் குண்டுகள்

போல்ஸானோவிலிருந்து வந்திருந்த வெரேனா, துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் செருகி வைத்திருந்த அட்டையை உருவி, சாமி படத்தை நீட்டுவது போல இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"இது உங்க கையெழுத்துதானே? இந்தத் துப்பாக்கியில ரெண்டு மெடல் வாங்கிட்டேன். போட்டிக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்துப் பாத்துக்குவேன். இவ்வளவு நல்லா சுடுற துப்பாக்கிய வச்சுக்கிட்டு நான் தப்பா சுட்டா, தப்பு என்னோடதுதான்னு புரியும்."

நிவேஸ் அட்டையை வாங்கிப் பார்த்தாள். துப்பாக்கி எண் 2291. மார்ச் பதினான்கு. பத்துக் குண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, கருப்பு வட்டத்தின் நடுவில் ஒரே ஓட்டையாக இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் துப்பாக்கியை அவள் தேறவிடவில்லை. கன்னம் பதிக்கிற இடத்தில் மரத்தில் ஒரு சுழி இருக்கும். அதை வைத்தே நன்றாக ஞாபகம் இருந்தது. பத்தில் மூன்று குண்டுகள் ஊர்மேயப் போயிருந்தன. தேறவில்லை என்று சிவப்பு நூல் கட்டி மாடிக்கு அனுப்பியவளே அவள்தான்.

"ஆமா, என்னோடதுதான்" என்றாள். வாய் முந்திக்கொண்டுவிட்டது. வாங்கினவளிடம் போய், இது நான் சுட்டதில்லை என்று எப்படிச் சொல்வது. விசையைக் கொஞ்சம் இளக்கித் தரச் சொல்லி வந்த பெண், கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மொந்தரெல்லி குடும்பம் முந்நூறு வருடங்களாக இத்தாலியின் கார்தோனேயில் துப்பாக்கி செய்கிறது. வேட்டைத் துப்பாக்கிதான் அவர்களுக்குச் சோறு போடுவது. போட்டித் துப்பாக்கி வருடத்துக்கு இருநூறு செய்தால் அதிகம். ஆனால் வீட்டின் மானம் அதில்தான் இருக்கிறது. மற்ற கம்பெனிகளில் துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி, சுட்டுப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மொந்தரெல்லிக்காரர்களுக்கு அது ஆகாது. இரும்புப் பிடி குழலை மட்டும்தான் சோதிக்கும், துப்பாக்கியைத் தோளில் வைக்கப்போவது மனுஷர்கள் என்று பிடிவாதம். ஆகவே தொழிற்சாலைக்கு அடியில் ஐம்பது மீட்டர் சுரங்கத்தில், மணல் மூட்டையில் தாங்கி, ஒருவர் உட்கார்ந்து தோளில் வைத்துச் சுட வேண்டும். பத்துக் குண்டு. விழுந்த ஓட்டைகளின் மேல் ஒரு சென்ட் காசை வைத்தால் எல்லாம் அதற்குள் மறைய வேண்டும். மறைந்தால் சுட்டவர் அட்டையில் கையெழுத்துப் போடுவார். அதுதான் அந்தத் துப்பாக்கியின் ஜாதகம், பெட்டியோடு போகும். மறையாவிட்டால் துப்பாக்கி முதலில் மரப் பிரிவுக்குப் போகும். அங்கே மரத்தில் குறை இல்லை என்றால் குழல் பிரிவுக்கு. எங்கே போனாலும் கடைசியில் மறுபடி சுரங்கத்துக்கு வந்து சுடப்பட்டே ஆக வேண்டும். பத்தொன்பது வருடங்களாக அந்தத் தோள் நிவேஸுடையது. விற்பனைக்காரர்கள் வெளிநாட்டில் அவள் பேரைச் சொல்லித்தான் விலை பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அந்த நினைப்பில்தான் அவள் காலையில் எழுந்திருப்பதே.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் தன்னுடைய நோட்டைப் புரட்டினாள். சுட்ட ஒவ்வொரு துப்பாக்கியையும் எண் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. டிசம்பரிலிருந்து அவள் சிவப்பு நூல் கட்டியவை ஒன்பது. அதற்கு முந்தின வருடம் முழுக்கவே இரண்டுதான். அந்த ஒன்பதில் திரும்ப வந்து அவள் சுட்டது இரண்டே இரண்டு. மீதி ஏழு எங்கே? பெட்டி கட்டுகிற அறைக்குப் போய், ரசீதுப் புத்தகத்தைச் சும்மா பார்ப்பது போலப் பார்த்தாள். ஏழும் போய்விட்டிருந்தன, ஏழும் அட்டையோடு.

யாரோ அவள் பேரில் சுட்டு, அவள் கையெழுத்தைப் போட்டு, தேறாத துப்பாக்கிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

தோரியானோ குழல் பிரிவுக்கு வந்தது நவம்பரில். ஃப்ரியூலிப் பக்கத்துக்காரன், ஒரு காலத்தில் போட்டிகளில் சுட்டவன். டிசம்பரிலிருந்து துப்பாக்கிகள் தேறாமல் போகின்றன. புதிதாக வந்தவனின் குழல் திரும்பி வந்தால் யாருக்குக் கெட்ட பேர்? அவனுக்குத்தானே. சுடவும் தெரிந்தவன். போதாக்குறைக்கு அவனுடைய பணிவு வேறு. போர்மன் பாக்காரோ தும்மினால்கூடக் கைக்குட்டையை நீட்டுவான். சாப்பாட்டு மேசையில் ஆப்பிளை எடுத்துக் கத்தியால் சீவினால் தோல் அறுபடாமல் ஒரே ரிப்பனாகச் சுருண்டு தட்டில் விழும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நிவேஸுக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வரும்.

சந்தேகம் அவளுடன் கூடப் பிறந்தது. அப்போதுதான் திறந்த பால் புட்டியையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். போன குளிர்காலத்தில் அது இன்னும் முற்றிவிட்டது. சுரங்கக் கதவின் அடியில் காற்று வந்து முழங்கையைத் தாக்குகிறது என்று துணியை அடைத்தாள். வந்த துப்பாக்கி ரவைப் பெட்டிகளில் கலப்படம் இருக்கும் என்று வேறு தயாரிப்பு கேட்டு வாங்கினாள். காப்பிதான் நரம்பைக் கெடுக்கிறது என்று இரண்டு வாரம் காப்பியையே நிறுத்தினாள். கதவு, ரவை, காப்பி எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாயிற்று. இப்போது ஒரு ஆளே கிடைத்துவிட்டான் என்பதில், உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எலியோவிடம் சொன்னாள். அவள் புருஷன், அதே தொழிற்சாலையில் மரப் பிரிவில் இருபத்தாறு வருடம். சோளமாவுப் பொலெந்தா கிண்டிக்கொண்டிருந்தவன் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அடிமடியிலயே கை வைக்கிறான் எலியோ. என் பேரை வச்சு விளையாடுறான்."

"அவன்தான்னு நீ பாத்தியா?"

"பாக்கணுமா? வேற யாருக்கு லாபம்? நாளைக்கே பாக்காரோகிட்ட போறேன்."

கரண்டி நின்றது. "போகாத. இப்ப வேணாம்."

"ஏன்?"

"ஆதாரம் இல்லாம ஒருத்தன் சோத்துல மண்ணப் போடக் கூடாது. கொஞ்ச நாள் விடு. துப்பாக்கி வாங்கினவங்க யாராச்சும் குறை சொன்னாங்களா?"

சொல்லவில்லை. அதுதான் அவளுக்கும் இடித்தது. தேறாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு அந்த போல்ஸானோப் பெண் இரண்டு மெடல் வாங்கியிருக்கிறாள். நிவேஸ் அதை மேற்கொண்டு யோசிக்கவில்லை. யோசிக்க விடாமல் எலியோ தட்டை வைத்தான். அவளுக்கு ஒயின் ஊற்றும்போது வழக்கம் போல் அரை கிளாசோடு நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் அவள் போர்மனிடம் போகவில்லை. நேராகக் குழல் பிரிவுக்கே போனாள். தோரியானோ குழலின் வாயில் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னோட கையெழுத்து உனக்கு நல்லா வருதாமே" என்றாள்.

அவன் குழலை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான். "என்ன சொல்றீங்கன்னு புரியல ஸிஞோரா."

"டிசம்பர்லேர்ந்து ஏழு துப்பாக்கி. உன் குழல். நான் வேணாம்னு திருப்பி அனுப்பினது. அதெல்லாம் எப்படி வெளிய போச்சு?"

"திருப்பி அனுப்பினீங்களா?" அவன் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினான். குழல் பிரிவுக்குத் திரும்பி வருகிறவற்றை அதில் எழுதுவார்கள். இந்த வருடத்துக்கான கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. "எங்கிட்ட ஒண்ணுகூட வரலீங்க. நானும் யாரையாச்சும் கேக்கணும்னுதான் இருந்தேன், புதுசா வந்தவன் குழல் ஒண்ணுகூட திரும்பலேன்னா அதுவும் கொஞ்சம் ஓவராத்தான் இருக்கு. மாடியில மரப் பிரிவோட நின்னுடுது போல."

சொல்லிவிட்டு அவன் பார்வை அவளுடைய வலது கைக்குப் போனது. உடனே எடுத்துக்கொண்டுவிட்டான், மரியாதையாக. நிவேஸ் கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

மரப் பிரிவு என்றால் நான்கு பேர். சுடத் தெரிந்தவன் ஒருவன். மகன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், அவள் ஊரில் இல்லாத நாட்களில், மதிப்பெண் அட்டையில் அவள் மாதிரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். இருபத்தெட்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவன். எல்லோரையும் சந்தேகப்பட்டவள், தன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பணமா? அவனுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? அவளுடைய நாற்காலியா? அதில் உட்கார அவனுக்கு ஆசை இருந்திருக்குமோ? பசை காயவேண்டும் என்று குளிர்காலம் முழுக்க ஐந்தரைக்கே கிளம்பிப் போனானே, எந்தப் பசை?

வியாழக்கிழமை 2340ஐச் சுட்டாள். காசு மறைக்கவில்லை, இரண்டு ஓட்டைகள் வெளியே நின்றன. நூல் கட்டி மாடிக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எலியோவின் கார் சந்து திரும்பும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பிறகு எழுந்து, மெல்லா ஆற்றை ஒட்டிய பாதையில் நடந்தே போனாள்.

சுரங்கத்துப் படிக்கட்டில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. சின்ன ரவையின் சத்தம், மரப்பலகையில் சுத்தியலால் தட்டுவது போல. அவள் நின்று எண்ணினாள். நாலு. இடைவெளி. ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவு மூச்சு. நல்ல கை என்று தன்னையறியாமல் நினைத்தாள். பத்து முடிந்த பிறகுதான் கதவைத் தள்ளினாள்.

எலியோ அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கம்பியில் ஓடிவந்த அட்டையைக் கழற்றி, பேனாவை எடுத்துக் கையெழுத்தையும் போட்டு முடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பேனாவை மட்டும் மூடினான்.

"அந்த நாற்காலி அவ்வளவு பிடிச்சிருந்தா கேட்டிருக்கலாமே" என்றாள்.

"நாற்காலி யாருக்கு வேணும் நிவேஸ்."

"அப்புறம் எதுக்கு? எத்தன மாசமா? தேறாத துப்பாக்கிய என் பேர்ல..."

"துப்பாக்கில எந்தக் குறையும் இல்ல. ஒண்ணுலயும் இல்ல. மொதல் ரெண்டையும் பிரிச்சுப் பாத்தேன், மரம் சரியா இருக்கு, குழல் சரியா இருக்கு. அப்புறம்தான் நானே சுட்டுப் பாத்தேன்."

அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"காலைல காப்பி ஊத்தும்போது உன் கைய நான் பாக்குறேன். சட்டை பொத்தான் போடும்போது பாக்குறேன். உங்கிட்ட எப்படிச் சொல்றது? கதவுங்கற, ரவைங்கற. டாக்டர்கிட்ட போவோம்னு நவம்பர்லயே ஒரு தடவ சொன்னேன், மூணு நாள் எங்கூடப் பேசல நீ."

"வேற யாருக்குத் தெரியும்?"

அவன் துப்பாக்கியின் மரத்தைத் துடைக்க ஆரம்பித்தான், துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"எலியோ. வேற யாருக்குத் தெரியும்?"

"பெட்டி கட்டுறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாக்காரோ கேக்கல. கேக்காம இருக்கான்னா..." முடிக்காமல் விட்டான். "நீ ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான். இப்படியே ஓட்டிடலாம். நீ சுடு, தேறலேன்னா மேல அனுப்பு. நான் பாத்துக்கறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

மத்தியான மேசையில் அவளுக்கு எப்போதும் இடம் விட்டு நகர்ந்து உட்காருகிறவர்களை நினைத்துப் பார்த்தாள். வாசலில் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிற பெட்டி அறைப் பெண்ணை நினைத்தாள். மரியாதை என்றுதான் எண்ணியிருந்தாள். திருடன் ஒருவன் இருந்து அவனைப் பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. இவனை அடிக்கலாமா, இவன் தோளில் சாய்ந்து அழலாமா என்று தெரியவில்லை.

"எந்திரி" என்றாள்.

அவன் எழுந்து நகர்ந்தான். அவள் புது அட்டையைக் கம்பியில் மாட்டி ஐம்பது மீட்டருக்கு அனுப்பினாள். அதே துப்பாக்கி, அதே ரவை. உட்கார்ந்து தோளில் வைத்தாள். இந்தத் தடவை கதவையும் காற்றையும் நினைக்காமல் தன் விரலை மட்டும் கவனித்தாள். அது விசையைத் தொடும் முன்பே, யாரோ உள்ளேயிருந்து மெல்லத் தட்டுவது போல, நடுங்கியது. அவளுக்கு அது புதிதாகவும் இல்லை. பத்தையும் சுட்டாள். அவசரப்படவில்லை.

அட்டை வந்ததும் காசைத் தேடவில்லை, ஓட்டைகள் சிதறியிருந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எலியோ அதைக் கசக்கக் கை நீட்டினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, பேனாவைத் திறந்து, எண்ணும் தேதியும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு அவன் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு நிவேஸ்கள். அவன் போட்டதில் முதல் எழுத்தின் கால் நிமிர்ந்து நின்றது, கடைசி எழுத்தின் வால் ஒரே இழுப்பில் சுழித்து ஓடியது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் முதல் அட்டையில் அவள் போட்டது அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. அவள் இப்போது போட்டதில் கோடு ஒவ்வொரு வளைவிலும் நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. யாரிடம் காட்டினாலும் இதைத்தான் போலி என்பார்கள்.

மேலே படிக்கட்டில் பாக்காரோவின் செருமல் கேட்டது. எலியோ அவளைப் பார்த்தான். அவள் இரண்டு அட்டைகளையும் விளக்குக்குக் கீழே அப்படியே விட்டுவிட்டு, வலது கையைப் பைக்குள் விடாமல், மேசையின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள்.