துவைக்காமல் வைத்த சட்டை

தொழிற்சாலையில் எனக்குத் துணி துவைக்கிற வேலை. சிரிக்காதீர்கள், அதற்கு இப்போது ஆறு வாரப் பயிற்சி உண்டு. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பு, இரட்டைக் கையுறை, மூக்கைக் கவ்விப் பிடிக்கும் முகமூடி எல்லாம் மாட்டினால்தான் ஆஸ்பெஸ்டாஸ் கூடத்து ஆட்களின் சட்டையைத் தொடவே விடுவார்கள். அந்தச் சட்டை வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை போய்விடும்.

அப்பா அதே கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் சட்டை அவரோடு வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் துவைக்கும் முன் பின்வாசலில் நின்று படபடவென்று உதறுவாள். வெள்ளையாகப் புகை எழும்பி அவள் முகத்தில் படியும். "உங்கப்பா எனக்குப் பவுடர் பூசி விடுறாரு பாரு" என்று சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கூத்து. சம்பளமும் இல்லை, முகமூடியும் இல்லை.

அந்தத் தூசியில்தான் அப்பா இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். இப்போது அம்மாவுக்கும் அதே இருமல். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இன்னும் சில வருஷமாவது இருப்பாள். வெளியே பார்க்க எங்களுக்கு வக்கில்லை. ஆனால் அங்கே தொழிலாளிக்கு மட்டும்தான் இடம்.

அம்மாவையும் சேர்க்கச் சொல்லி நான் கொடுத்த படிவத்தை மனு வாங்கும் அதிகாரி புரட்டினார்.

"அம்மா எந்தப் பிரிவுல வேலை பாத்தாங்க?"

"வீட்ல சார். நான் இங்க பாக்குற அதே வேலை."

"வீட்ல துணி துவைச்சதெல்லாம் கணக்குல வருமாம்மா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப எனக்கு மட்டும் எதுக்கு சார் முகமூடி?"

அவர் கெட்டவர் இல்லை. படிவத்தை மூடி வைத்தார். "நம்ம தூசி உங்க வீட்டுக்கு வந்துச்சுன்னு காட்டணும். அந்தக் காலத்துச் சட்டை ஏதாவது இருந்தா கொண்டாங்க. தட்டினா தூசி விழணும். விழுந்தா நானே கையெழுத்துப் போடுறேன்."

இருந்தது. அப்பா கடைசியாகக் கழற்றிப்போட்ட சட்டை. துவைக்க மனசு வராமல் அம்மா அதை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியில் வைத்திருந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே போன் போட்டேன்.

"அம்மா, அப்பா சட்டைய ஆபீஸ்ல பாக்கணுமாம். எடுத்து வை, நாளைக்குக் கொண்டுபோறேன்."

அவ்வளவுதான் சொன்னேன். பாவி, இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கொடியில் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலர் வெளுத்திருந்தது. விட்டுப்போன பொத்தானைக்கூடத் தைத்திருந்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். முடியெல்லாம் வெள்ளைத் தூசி.

"பையத் திறந்தா ஒரே தூசிடி. நல்லா உதறிட்டு மூணு தண்ணி அலசினேன். பெரிய மனுஷங்க பாக்குற எடத்துல அழுக்குச் சட்டையக் காட்டினா உங்கப்பா மானம் என்னாகும்?"

"பை எங்கம்மா?"

"அதையும் கழுவிக் கவுத்துட்டேன்."

தூசி எங்கே ஒளியும் என்பது என் தொழில். சட்டைப்பையை வெளியே இழுத்துப் பார்த்தேன், கையோரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தாள். எங்கள் இயந்திரம்கூட இவ்வளவு சுத்தமாகத் துவைக்காது.

எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, சரியா வெளுக்கலையா?"

"நல்லா வெளுத்திருக்கும்மா" என்றேன்.

அவள் சந்தோஷமாக இருமிக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனாள்.