சுத்தமான மதிப்பெண்

மதிப்பெண் தாளில் ஒரு குறையும் இல்லை. அதுதான் உளவியலாளருக்கு உறுத்தியது.

சோதனைக்கு வந்தவர் ரயில் ஓட்டுநர். சில மாதங்களுக்கு முன்பு அவருடைய வண்டிக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றுவிட்டாள். பிரேக்கை முழுதாக இழுத்தும் பலனில்லை. அன்றிலிருந்து விடுப்பில் இருந்தார். அவரைத் திரும்ப வண்டியில் ஏற்றலாமா என்று உளவியலாளர் எழுதித் தர வேண்டும். ஓட்ட ஆளில்லை என்று பணிமனை அதிகாரி காலையிலிருந்தே தொலைபேசியில் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

சோதனை என்பது மைக்கறை அட்டைகளை, அதாவது உருவமற்ற மைத் திட்டுகள் உள்ள அட்டைகளைக் காட்டிக் கேட்பதுதான். அதில் என்ன தெரிகிறது என்று கேட்டால் சரி, தப்பு என்று பதில் கிடையாது. பலரும் சொல்கிற பதில் எவ்வளவு, கறையின் வடிவத்தோடு ஒட்டாத பதில் எவ்வளவு, நிறம் ஆளை எந்த அளவுக்குக் கலக்குகிறது என்று பிரித்துக் கணக்கிட வேண்டும். ஓட்டுநரின் கணக்கில் எல்லாமே பலரும் சொல்கிற பதில்கள். கலக்கம், பயம் மருந்துக்கும் இல்லை. அப்படி ஒரு சாவைக் கண்ணெதிரே பார்த்தவருக்கு இவ்வளவு நிம்மதியா?

குறிப்புகளை மறுபடி புரட்டினார். சிவப்பு கலந்த அட்டையை மேசையில் வைக்கும் முன்பே ஓட்டுநர் பதில் சொல்லியிருந்தார். எங்கே தெரிகிறது என்று கேட்டதற்கு, “முழுசாவே” என்று உள்ளங்கையால் தடவிக் காட்டியிருந்தார்.

வெளியே மனைவியோடு உட்கார்ந்திருந்தவரை மறுபடி உள்ளே கூப்பிட்டு அதே அட்டையை நீட்டினார்.

“ரெண்டு பேர் நிக்கிறாங்கன்னு சொன்னீங்களே, அவங்க தலை எங்க இருக்கு?”

ஓட்டுநரின் விரல் அட்டை முழுக்க அலைந்தது, எங்கும் நிற்கவில்லை. நெற்றி வேர்த்தது.

“என் வீட்டுக்காரிதான் பதிலையெல்லாம் தேடிப் பிடிச்சு மனப்பாடம் பண்ண வெச்சா, மேடம்.”

“பரவால்ல. அதை விட்ருங்க. இப்ப என்ன தெரியுது?”

அவர் வெகுநேரம் பார்த்தார். வலது கை மேசை விளிம்பைப் பற்றி, பிரேக்கை இழுப்பதுபோலத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கியது. மேசையே நகர்ந்தது.

“அட்டைல ஒண்ணும் தெரியல. அந்தப் பொண்ணு கடைசில திரும்பி என்னைப் பார்த்தா, மேடம். இதை நான் யார்கிட்டயும் சொல்லல.”

மேசை நகர்ந்த சத்தம் கேட்டு மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததுமே, சொல்லிக்கொடுத்தது வெளியே வந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மனுஷன் வீட்டுச் சுவரையே வெறித்துக்கொண்டு கிடக்கிறார், வண்டியில் ஏறினால் தேறிவிடுவார் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன் என்று பொரிந்து தள்ளினாள். உளவியலாளர் அவளிடம் வாதாடவில்லை. ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கே இன்னொருத்தர் குறுக்க வந்தா?”

ஓட்டுநர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “பிரேக்கை இழுக்கக் கை வராது, மேடம்.”

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த மதிப்பெண்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, இவர் இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது, சிகிச்சை தேவை என்று உளவியலாளர் எழுதினார். அதிகாரி தொலைபேசியில் குதித்தார். அவர் கத்தி ஓயும்வரை கேட்டுவிட்டு, எழுதியது எழுதியதுதான் என்று சொல்லி உளவியலாளர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மனைவி போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். ஓட்டுநர் மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

“நாளைக்கு வந்தா பேசலாமா, மேடம்?”

“காலைலயே வாங்க.”