இருபத்தொரு ஒயர்

போக்குவாவின் கை கால் உதறல் நின்றதும் அக்கா டூஃபி கடவுளுக்கு நன்றி சொன்னாள். கையோடு வீட்டுக்கும் போன் போட்டு, வலிப்பு போய்விட்டது என்று அறிவித்தும் விட்டாள். அவசரக்காரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கை அசையாமல் கிடந்தாளே தவிர, கண் திறக்கவில்லை.

பிற்பகலில் அசமோவா என்ற டெக்னீஷியன் ஒரு கட்டு ஒயரோடு வந்தான். வெளியே அடங்கிய வலிப்பு மூளைக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம், அதைத் திரையில்தான் பார்க்க முடியும், இருபத்தொரு ஒயரையும் மண்டைத் தோலில் ஒட்ட வேண்டும் என்றான். தோல் எங்கே இருக்கிறது? தலை முழுக்கச் சவுரி வைத்துப் பின்னிய பொடிப்பொடிச் சடைகள். போன வாரம் டூஃபியே தன் சலூனில் எட்டு மணி நேரம் நின்று பின்னியவை. அவன் தலை மழிக்கும் மெஷினை எடுத்தான்.

டூஃபி குறுக்கே வந்து நின்றாள். அவர்கள் வீட்டில் சாவுக்குத்தான் தலை மழிப்பார்கள்.

"மெஷின கீழ வை தம்பி. இடத்த மட்டும் காட்டு, நான் பிரிச்சுத் தரேன்."

"நேரமில்லக்கா. இழுக்க இழுக்க மூளைக்குத்தான் கேடு."

"இந்தக் குமாசி ஊர்ல என்னைவிட வேகமா சடை பிரிக்கிறவ இருந்தா கூட்டிட்டு வா, நான் ஒதுங்கிக்கிறேன்."

அவன் நாடாவால் அளந்து விரல் வைத்துக் காட்ட, அவள் அந்தந்தச் சடையை மட்டும் பிரித்து வகிடு எடுத்துக்கொண்டே போனாள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

திரையில் இடப்பக்கக் கோடுகள் ஊசி ஊசியாகக் குத்தி நின்றன. இவ்வளவு அமைதியான முகத்துக்குள் இத்தனை ரகளையா என்று டூஃபிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டாக்டரம்மா மருந்தைக் கூட்டினார். சாயங்காலத்துக்குள் ஊசிகள் மழுங்கிவிட்டன.

இரண்டு நாள் மருந்திலேயே தூங்க வைத்திருந்தார்கள். டூஃபி தங்கையின் முகத்தை நம்புவதையே விட்டுவிட்டாள். திரையே கதி என்று கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் மருந்தைக் குறைத்தார்கள். பத்து மணி வாக்கில் மேலே இருந்த கோடுகள் திடீரென்று பெரிதாக எகிறின. மறுபடியும் எகிறின. போச்சு, எல்லாம் போச்சு என்று ஓடிப்போய் அசமோவாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அவன் திரையைப் பார்த்தான். பிறகு கட்டிலைப் பார்த்தான்.

"இது வலிப்பு இல்லக்கா. கண்ணு சிமிட்டினா முன்பக்க ஒயர்ல இப்படித்தான் துள்ளும்."

"யாரு கண்ணு?"

"திரைய விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்புங்க."

டூஃபி திரும்பினாள். போக்குவா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.