எடெல்மிரா விட்டுக்கொடுக்காத மன்றம்

பாலைவன ஊரான சாந்தா ஒலாயாவில் வெடியுப்புச் சுரங்கம் மூடியதும் கம்பெனி ஊரையே பழைய இரும்புக்காரன் உர்ருத்தியாவுக்கு விற்றுவிட்டது. தண்டவாளமும் தண்ணீர்த் தொட்டியும் வீட்டுக் கதவுகளும் லாரியேறின. கடைசியாக அவன் தொழிலாளர் மன்றத்துக்கு வந்தபோது, எடெல்மிரா மேடைமேல் அடுப்பு மூட்டி மொச்சை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்கம்மா. தகரத்தையும் மேடைப் பலகையையும் பிரிக்கணும்," என்றான் உர்ருத்தியா.

"நான் சமைக்கிறது கண்ணுல படலையா?"

"கம்பெனி எனக்கு வித்தாச்சு."

"கம்பெனி கட்டினதை அது விக்கட்டும். இது நாங்க கட்டினது."

உண்மைதான். வேலை முடிந்த களைப்போடு அவள் கணவன் நொல்பெர்த்தோவும் கூட்டாளிகளும் பச்சைச் செங்கல் அறுத்தார்கள். தொழிற்சங்கத்துக்குக் கட்டடமா என்று கம்பெனி மேலாளர் தண்ணீரை நிறுத்தினார். பெண்கள் துணி துவைத்த தண்ணீரைச் சுமந்து வந்து மண் குழைத்தார்கள். சுரங்க வெடியில் நொல்பெர்த்தோ செத்தபோது, சங்கக்காரன் என்று மாதா கோயில் கதவைப் பாதிரியார் திறக்கவில்லை. இதே மேடையில்தான் அவனைக் கிடத்தினார்கள்.

உர்ருத்தியா ஆட்களைக் கூரையில் ஏற்றினான். தூசி கொட்டியது. எடெல்மிரா பானையை மூடினாள், நகரவில்லை.

கூரையேறியவர்களில் ரொசெந்தோ அந்த ஊர்க்காரன். கொஞ்ச நேரத்தில் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு இறங்கினான்.

"என்னடா, வெயில் தாங்கலையா?" என்று கத்தினான் உர்ருத்தியா.

"எங்கம்மா சுமந்த தண்ணி இந்தச் செவுத்துல இருக்கு. உங்க கூலி எனக்கு வேணாம்." மேடையேறி எடெல்மிராவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கும் ஒரு தட்டு போடுங்கக்கா."

மற்றவர்கள் வெளியூர்க்காரர்கள். பொழுது சாய்வதற்குள் தகரம் முழுவதும் இறங்கிவிட்டது.

"கூரை போச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றான் உர்ருத்தியா.

"இந்தப் பாலைவனத்துல என்னிக்குடா மழை பெஞ்சிருக்கு?"

ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். உர்ருத்தியாவின் முகம் சிவந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து பார்த்தான். இருவரும் மேடையை விட்டு அசையவில்லை. கடைசியில் அலுத்துப்போய் லாரிகளைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பிறகு வருஷக்கணக்கில் காற்று ஊரைத் தின்றது. மன்றத்தின் மேற்குச் சுவர் சரிந்தது. நிலத்தை வாங்கிய புது முதலாளி, 'உள்ளே வரக்கூடாது' என்று பலகை அடித்தான். ஊரின் திருநாளன்று கடற்கரை நகரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த பழைய ஊர் ஜனங்கள் வாத்தியக்காரர்களோடு பேருந்து பிடித்து வந்து அந்தப் பலகையைப் பிடுங்கி, மேடையின் உடைந்த படியில் வைத்து ஆணியடித்தார்கள். தலை நரைத்த எடெல்மிரா அதை மிதித்து மேலேறினாள்.

"வாத்தியக்காரங்க என்ன தூங்குறீங்களா?" என்றாள். முதல் ஆட்டத்தை ரொசெந்தோவோடு அவளே தொடங்கினாள்.