வழிக்கு வந்த எஞ்சின்

முக்கோ துறைமுகத்தில் ஓடிய 4417 எண் டாக்சி, எஞ்சின் மாற்றிய பிறகு ஓடிய முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓக் சுன்-பொக்கின் வீட்டு நீலக் கதவுக்கு முன்னால் நாற்பத்தொரு தடவை தலை குனிந்தது. முதல் தடவை முறை தெரியாமல் குனிந்து திட்டு வாங்கியது, பிறகு சரியாகச் செய்தது. அந்த வருஷம் கணவாய் மீன் வரத்து குறைவு. மார்ச் மாதத்திலும் பனி விழுந்தது. ஊரில் சொல்லும்படியாக வேறு விசேஷம் இல்லை.

அந்த டாக்சியை ஆறு வருஷமாக இரண்டு பேர் ஓட்டினார்கள். காலையில் பே தல்-சூ, மதியத்துக்கு மேல் சுன்-பொக். வண்டி கம்பெனியுடையது. ஒரே கம்பெனியில் இத்தனை வருஷம் கெட்ட பெயர் இல்லாமல் ஓட்டினால் சொந்த டாக்சிக்கு உரிமம் கிடைக்கும் என்பதுதான் இருவருக்கும் கனவு. மூத்தவனான தல்-சூவுக்கு அந்த இலையுதிர் காலத்தில் கிடைப்பதாக இருந்தது, சுன்-பொக்குக்கு அடுத்த வருஷம். சுன்-பொக்குக்குத் தோள்வலி உண்டு. வலிப் பிளாஸ்திரிப் பாக்கெட் ஒன்று எப்போதும் வண்டியின் டிராயரில் கிடக்கும். அந்தக் கற்பூர வாசனையை வைத்தே முந்தின முறை யார் ஓட்டியது என்று பயணிகள் சொல்லிவிடுவார்கள். ஜனவரிக் கடைசியில் அவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்துவிட்டான். காலை முறை, மதிய முறை இரண்டையும் தல்-சூவே ஓட்டினான். இரண்டாம் நாள் ஆயில் குறைவைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. தல்-சூ ஆயில் ஊற்றவில்லை. குளிராக இருந்தது, இறங்கி பானட்டைத் திறக்கச் சோம்பலாக இருந்தது. விளக்கு கண்ணைக் குத்தியதால் டிராயரிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டான். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் அவனுக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் சுன்-பொக் வேலைக்கு வந்தான். மலைப்பாதை ஏற்றத்தில் எஞ்சின் அவன் கையில் ஆயில் இல்லாமல் இறுகி, சீஸ் ஆகி நின்றது. வண்டியைக் கட்டி இழுத்து வந்ததும் முதலாளி மின் அந்தப் பிளாஸ்திரியை உரித்தார், மோந்து பார்த்தார், சுன்-பொக்கைப் பார்த்தார். “நான் ஒட்டல முதலாளி” என்று சொல்லிவிட்டு சுன்-பொக் தல்-சூவைப் பார்த்தான். தல்-சூ உடனே குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். அன்று அவன் போட்டிருந்த ஷூவில் நாடாவே கிடையாது. சுன்-பொக்குக்கு அந்த வாரமே வேலை போனது, சேர்த்து வைத்த வருஷங்களும் போயின. வலிக்கிற தோளைத் தூக்கித் தூக்கி, கணவாய் காயப்போடும் களத்தில் கம்பிகளில் கணவாய் மாட்டும் வேலைக்குப் போனான்.

புது எஞ்சினைப் பூட்டிய மெக்கானிக் கூ, தல்-சூவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அறுபதைத் தாண்டாதே. ஒரே வேகத்துலயும் போவாதே, ஏத்தி இறக்கிப் பழக்கு. பாரம் ஏத்தாதே. இப்ப என்னத்தைக் கத்துக்குதோ அதைச் சாவுற வரைக்கும் மறக்காது, பாத்துக்க.” இப்படிப் புது எஞ்சினைப் பழக்குவதற்கு அங்கே ஒரு சொல் உண்டு. குதிரையைப் பழக்குவதற்கும் அதே சொல்தான். அதற்குள்ளே ‘வழி’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. நாம் வழிக்குக் கொண்டுவருவது என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். எந்த வழிக்கு என்று அந்த ஊரிலும் யாரும் கேட்பதில்லை.

புது வண்டி வாங்கினால் படையல் போடுவது வழக்கம். எஞ்சின் மட்டும் மாற்றினால் போடலாமா கூடாதா என்று கம்பெனியில் ஒரு சர்ச்சை எழுந்தது. கடைசியில் முதலாளி பாதிப் படையல் போதும் என்று தீர்த்துவைத்தார். பன்றித் தலைக்குப் பதில் பன்றித் தலைப் படம். நான்கு சக்கரத்திலும் அரிசிக் கள் ஊற்றி, வெள்ளை நூல் சுற்றிய முழுக் கருவாடு ஒன்றை பானட்டுக்குள் கட்டினார்கள். வண்டியைப் பழக்கப்போகிறவன்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். எல்லார் முன்னிலையிலும் தல்-சூ விழுந்து கும்பிட்டு, “பழைய எஞ்சினைக் கெடுத்த கை இப்ப இங்க இல்ல, நீ பயப்படாம ஓடு” என்றான். கருவாடு வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லும்போதே அவனுக்குக் காது சுட்டது. எஞ்சின் ஒரே சாவியில் எடுத்துக்கொண்டது.

முப்பத்தேழாவது கிலோமீட்டரில், ரயிலடிக்குப் போகவேண்டிய வண்டி கலங்கரை விளக்கக் குன்றின் அடிவாரச் சந்தில் தானாகத் திரும்பியது. ஸ்டீயரிங் கேட்கவில்லை, பிரேக்கும் கேட்கவில்லை. நீலக் கதவுக்கு எதிரே நின்று, முன்பக்கத்தைத் தரையில் முட்டுமளவு தாழ்த்தி, ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்து நிமிர்ந்தது. மறுபடி தாழ்ந்து நிமிர்ந்தது. சுன்-பொக்கின் மனைவி ஹ்வா-ஜா கையில் முட்டைக்கோஸோடு வெளியே வந்தாள். அவள் வண்டியைத்தான் திட்டினாள், உள்ளே இருந்தவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “ரெண்டு தடவ கும்புடுறது செத்தவங்களுக்கு. என் புருஷன் உசுரோடதான் இருக்காரு. முறை தெரியலன்னா கும்புட வராதே.” மறுமுறையிலிருந்து வண்டி ஒரு தடவை மட்டுமே குனிந்தது.

நாளுக்கு ஐந்து தடவையாவது இது நடந்தது. மீன் மார்க்கெட் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் வழியில் நீலக் கதவு வந்துவிடும். பயணிகள் மூன்று நிமிஷம் முன்னதாகவே கிளம்பப் பழகிக்கொண்டார்கள். ஒரு மீன்காரம்மா, “நல்ல வளர்ப்பு” என்று வண்டியின் கூரையைத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். முதலாளி கேட்டதற்கு மெக்கானிக் கூ எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானூறாவது கிலோமீட்டருக்குள் ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. யாரும் தல்-சூவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் அவன் உட்கார்ந்தால் பேச்சு மீன் வரத்துக்கு மாறியது. அவமானத்தில் அவன் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து போனான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், எனக்குப் பதில் வண்டி குனிகிறதே, இப்படியே இலையுதிர் காலம் வரை ஓடிவிட்டால் உரிமமும் கையில் வந்துவிடும் என்று ஒரு கணக்கும் ஓடியது. அந்தக் கணக்கை நினைத்து அவன் பட்ட வெட்கம், பிளாஸ்திரியை நினைத்துப் பட்டதைவிட அதிகம்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது கிலோமீட்டரில் நாற்பத்தோராவது தடவை வண்டி குனிந்தபோது சுன்-பொக் வீட்டில் இருந்தான். வெளியே வந்து, சட்டைக்குள் கைவிட்டுத் தன் தோளிலிருந்த பிளாஸ்திரியை உரித்து, பானட்டின் மேல் ஒட்டித் தடவிக் கொடுத்தான்.

“பாவம், இதுக்கும் முதுகு வலிக்கும்ல அண்ணே.”

தல்-சூ கண்ணாடியை இறக்கினான். வாயில் வந்தது ஒரே கேள்விதான். “அன்னைக்கு வெளக்கு மேல ஒட்டியிருந்ததை நீ பாக்கலியா?”

“பாத்தேன். அண்ணன் ஒட்டியிருந்தா ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

தல்-சூ கதவைத் திறந்து இறங்கினான். பனி உருகிய சேற்றில் முட்டி போட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தான். “காரணம் ஒண்ணும் இல்லடா. எறங்கச் சோம்பலா இருந்துச்சு, அவ்வளவுதான்” என்று தரையைப் பார்த்தே சொன்னான். ஹ்வா-ஜா எண்ணிக்கொண்டு நின்றாள். ஒரு தடவைதான். அங்கிருந்து கம்பெனி அலுவலகம் இரண்டு கிலோமீட்டர். ஆயிரமாவது கிலோமீட்டரில் வண்டி முதலாளியின் அறை வாசலில் நின்றது, தல்-சூ உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னான்.

சுன்-பொக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவன் வருஷங்களும் திரும்பி வந்தன. மறு வருஷம் சொந்த டாக்சி வாங்கினான். தல்-சூவுக்கு வேலையும் போயிற்று, உரிமமும் போயிற்று. களத்தில் காலியான இடத்துக்குக் கணவாய் மாட்டப் போனான். 4417-ஐ வேறு ஆட்கள் ஓட்டினார்கள். கற்றதை அது மறக்கவில்லை. நீலக் கதவுக்கு வரும், ஒரு தடவை குனியும். ஹ்வா-ஜா உள்ளிருந்தே, “சரி சரி, போ” என்பாள். அந்த நேரம் களத்திலிருந்து திரும்பும் தல்-சூ சந்தில் எதிர்ப்பட்டால், அவனும் நின்று கூடவே குனிந்துவிட்டுப் போவான்.

எட்டு வருஷம் கழித்து வண்டி பழைய இரும்புக்குப் போனது. கிரேன் எஞ்சினைத் தூக்கித் தரையில் வைத்ததும், கணவாய் வாசனை போகாத கையோடு வந்திருந்த தல்-சூ ஆயில் ஊறிய மண்ணில் நெற்றி படக் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். பக்கத்தில் நின்ற சுன்-பொக் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். ஏன் இரண்டு தடவை என்று அங்கே யாரும் கேட்கவில்லை.