யாருடைய உத்தரவு

என் தம்பி செத்த சுரங்கப்பாதையின் முகப்பில்தான் என் முதல் தேர்தல் பேனரைக் கட்டினார்கள். அதில் மேயர் பெரிதாகவும் நான் சிறிதாகவும் சிரித்துக்கொண்டிருந்தோம். "இந்த இடம் வேணாமேக்கா, வேற இடம் பாக்கலாம்" என்று கட்சிக்காரர்கள் தயங்கினார்கள். "இங்கேயே கட்டுங்க" என்றேன். தினமும் அந்த வழியாகப் போகிறவள் நான். எதற்காக இந்தக் கட்சிக்குள் வந்தேன் என்பது எனக்கு மறந்துவிடக் கூடாது.

தம்பி பால் வண்டி ஓட்டினான். விடியற்காலையில் எங்கள் தெருவில் குழந்தைகள் எழுந்துவிடும் என்று, இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறவன். அன்று விடாத மழை. அந்தச் சுரங்கப்பாதையில் எந்த மழைக்கும் தண்ணீர் நின்றதில்லை. பக்கத்திலேயே சிமென்ட் மேடையில் பெரிய பம்புகள் இருந்தன; வருகிற தண்ணீரை எல்லாம் இறைத்துக் கொட்டிவிடும். அந்த நம்பிக்கையில் இறங்கினான். நானும் அவன் மனைவியும் ஓடிப்போனபோது வண்டியின் கூரைகூடத் தெரியவில்லை. பம்புகள் நின்ற மேடை காலியாக இருந்தது. கழற்றிய குழாய்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

மேயர் தொலைக்காட்சியில் சொன்னார்: "பம்பு ரிப்பேருக்குப் போயிருக்கு. தண்ணி நிக்கறது கண்ணு முன்னாடி தெரியுது. தெரிஞ்சும் உள்ள விடறான்னா அது திமிரு. ஒருத்தனோட திமிருக்கு மாநகராட்சி என்னங்க பண்ணும்?"

விசாரணையில் சத்தியம் செய்துவிட்டு அதையே சொன்னார். டிரைவரின் அஜாக்கிரதை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

ஆனால் தம்பி சாவதற்கு முந்தைய நாள் கட்சி மாநாடு நடந்த மைதானம் மழையில் குளமாகக் கிடந்ததையும், சாயங்காலத்துக்குள் நாற்காலி போடும் அளவுக்குக் காய்ந்துபோனதையும் ஊரே பார்த்தது. பம்புகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதையும் எங்கள் தெருவில் பார்த்தவர்கள் உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூட முடிந்தது. சிலருக்கு வேலை பயம், சிலருக்குக் கட்சி பயம். எஞ்சியவர்களுக்கு அடுத்த மழை வரைக்கும்தான் ஞாபகம்.

பிறகு எங்கள் வட்டத்துக் கவுன்சிலர் வேறு கட்சிக்குத் தாவினார். இடைத்தேர்தல் வந்தது. மேயர் துணை மேயரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தம்பி எப்போதும் உட்காரும் மர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உங்க தம்பி எனக்கும் தம்பிதாம்மா. அவனுக்கு ஏதாவது செய்யணும்னு மனசு அடிச்சுக்குது. நீங்க நில்லுங்க. ஜெயிக்க வைக்கறது என் பொறுப்பு."

வாசல் வரை போன துணை மேயர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "செத்தவனோட அக்காவே நம்ம பக்கம்னா, எதிர்க்கட்சிக்காரன் எந்த வாயை வெச்சுக்கிட்டு பேசுவான்?"

நான் சரி என்றதும் தம்பி மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "அண்ணி, அந்த ஆளு உக்காந்த நாற்காலியைக் கழுவணும்."

"கழுவலாம். கொஞ்சம் பொறு."

"எது வரைக்கும்?"

அவள் மறுநாளே தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பின் என் போனை எடுக்கவில்லை. தம்பியை விற்றுப் பதவி வாங்கியவள் என்று உறவெல்லாம் பேசியது. அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் 'சத்தம் போடாதீங்க' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். சும்மா உட்கார்ந்து கவனிப்பது எனக்குக் கைவந்த வேலை. மாமன்றத்திலும் அதைத்தான் செய்தேன். மேயரின் மேசையில் எல்லார் மைக்குக்கும் சேர்த்து ஒரு பொத்தான் இருந்தது. பிடிக்காததை யார் பேசினாலும் அணைத்துவிடுவார். தீர்மானம் கொண்டுவருகிறவரின் மைக் மட்டும் விதிப்படி அந்தப் பொத்தானுக்கு அடங்காது.

எங்கள் கட்சிக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும் யாராவது ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி, "யாரோட உத்தரவு?" என்று கேட்பார்கள். "மேயரோட உத்தரவு!" என்று மேசையைத் தட்டிக்கொண்டு மற்றவர்கள் கத்த வேண்டும். இதில் முன்னால் நிற்பவர் ஒரு கவுன்சிலர். அவர் தட்டுகிற தட்டில் தண்ணீர் டம்ளர் குதிக்கும். மத்தளம் என்றே அவருக்குப் பேர். தெருவிளக்கு எரிந்தாலும் மேயர் உத்தரவு, குப்பை வண்டி வந்தாலும் மேயர் உத்தரவு. "காலையில சூரியன் வந்துச்சே, அது?" என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேட்டபோதுகூட, மத்தளம் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். மேயருக்கும் ஒரு பலவீனம். கோஷம் எழுந்தால் சும்மா இருக்கமாட்டார். எழுந்து, "நானே நேர்ல நின்னு பாத்தேன்" என்று ஒரு கை சேர்த்துப் போடுவார்.

அந்த வருஷம் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு கிளம்பியது. எல்லார் வாயையும் அடைக்க, தன் மேல் தானே நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவர முடிவு செய்தார் மேயர். யார் முன்மொழிவது?

"நம்ம தங்கச்சி முன்மொழியட்டும்" என்றார். "அவங்களே என்னை நம்பறாங்கன்னா வேற யாருக்கு என்ன?"

அன்று தம்பியின் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கூட்டம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. எழுந்து, குடிநீர்க் குழாயிலிருந்து ஆரம்பித்தேன்.

"எங்க வட்டத்துக்குக் குடிதண்ணி வந்துச்சு. யாரோட உத்தரவு?"

"மேயரோட உத்தரவு!"

மத்தளம் முழங்கியது. பூங்காவைச் சொன்னேன். பேருந்து நிழற்குடையைச் சொன்னேன். தட்டத் தட்ட அவர்களுக்குச் சூடு ஏறியது. மேயர் நாற்காலியில் சாய்ந்து ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தலையசைத்தார்.

"நம்ம மாநாட்டு மைதானம் மழையில முழங்கால் தண்ணியா கெடந்துச்சு. மாநாடு நடக்காதுன்னு எதிர்க்கட்சி சிரிச்சாங்க. சாயங்காலத்துக்குள்ள பம்பு வந்து, தரை காஞ்சு, நாற்காலி போட்டாச்சு. அது யாரோட உத்தரவு?"

துணை மேயர் மட்டும் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் மேயரின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

"மேயரோட உத்தரவு!"

மேயர் எழுந்தே விட்டார். "உத்தரவு மட்டுமில்ல தங்கச்சி! பம்பு வந்து எறங்கற வரைக்கும் நானே நேர்ல நின்னேன். பேன்ட்டை மடிச்சுக்கிட்டு சேத்துல நின்னேன்!"

மேசைகள் அதிர்ந்தன. அடங்கும் வரை காத்திருந்தேன்.

"அந்தப் பம்பு எங்கேருந்து வந்துச்சுங்கய்யா?"

அவர் வாய் சிரிப்பிலேயே நின்றது.

"சுரங்கப்பாதையிலேருந்து வந்துச்சு. மறுநாள் காலையில என் தம்பி அதுக்குள்ள மூழ்கிச் செத்தான். பம்பு ரிப்பேர்ல இருந்துச்சுன்னு விசாரணையில சத்தியம் பண்ணீங்க. ரிப்பேர்ல இருந்த பம்பு மைதானத்துல தண்ணி இறைச்சிருக்கு. நீங்களே நேர்ல நின்னு பாத்திருக்கீங்க."

அவர் விரல் பொத்தானைத் தேடிப் போனது. அழுத்தினார். மறுபடி அழுத்தினார். என் மைக் அணையவில்லை. மத்தளம் மட்டும் விஷயம் புரியாமல் இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் தட்டாததைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியறேன். நம்பறவங்க கையைத் தூக்குங்க" என்று முடித்தேன்.

வாக்கெடுப்பில் எதிர்க்கட்சிக்காரர்கள் அசையவில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் துணை மேயரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மற்றவர்களின் கைகளும் எழவில்லை. தூக்கிய ஒன்றிரண்டு கைகளும், தலை சொறிய வந்தவை போலக் கீழே இறங்கின.

நடைபாதையில் மேயர் என்னை வழிமறித்தார். முகம் வியர்த்திருந்தது.

"வீடு தேடி வந்து சீட்டு குடுத்தேன். எனக்கே குழி பறிச்சிட்டியே. உனக்கு எவ்வளவு திமிரு!"

"எங்க குடும்பத்துக்கே அது உண்டுன்னு நீங்கதானேய்யா டிவியில சொன்னீங்க."

அவர் முகம் போன போக்கை நின்று நிதானமாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை நாள் அவர் பக்கத்தில் நின்று சிரித்திருந்தேன்.

மூடிய விசாரணையை மறுபடி திறந்தார்கள். 'அஜாக்கிரதை' என்ற சொல் தம்பியின் மேலிருந்து போயிற்று. பொய்ச் சத்தியம் செய்ததற்காக முன்னாள் மேயர் நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கும் நாட்களில் நானும் போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். அவர் இடம் மாறி உட்கார்ந்தால் நானும் மாறுவேன்.

வாக்கெடுப்பு நடந்த அன்றே தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, அந்த நாற்காலி இருக்கா?"

"இருக்கு. அதுல யாரையும் உக்கார விடல."

"நான் வரேன்."

வாசலில் போட்டு இருவரும் சேர்ந்து தேய்த்துக் கழுவினோம். அவள் அழுதுகொண்டே தேய்த்தாள். பாதியில் துணை மேயரின் ஆள் ஒருவன் வந்து நின்றான்.

"அக்கா, அண்ணன்தான் அடுத்த மேயர். உங்களைப் பாத்து நன்றி சொல்லணுமாம். சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்கறாரு."

மைதானத்துக்குப் பம்பு வந்து இறங்கிய அன்று, அந்த அண்ணனும் அதே சேற்றில்தான் நின்றிருந்தார்.

"வரச் சொல்லுப்பா" என்றேன்.

தம்பி மனைவி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாளியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"தண்ணியைக் கொட்டிடாதே. இன்னொரு தடவை கழுவ வேண்டியிருக்கும்."